இரட்டைமலை சீனிவாசன்

இரட்டைமலை சீனிவாசன் (ஜூலை 7, 1859 – செப்டம்பர் 18, 1945) தமிழ்நாட்டைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதியும் இதழாசிரியரும் அரசியல்வாதியும் ஆவார். ஒடுக்கப்பட்ட மக்களின் கல்வி, வேலைவாய்ப்பு, குடியுரிமை ஆகியவற்றுக்காக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 முதல் 1900 வரை பறையன் என்னும் இதழை நடத்தினார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது, பொதுச் சாலைகள், கிணறுகள், அலுவலகங்கள் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டு வந்தார். இலண்டனில் நடைபெற்ற முதல் இரண்டு வட்டமேசை மாநாடுகளில் பி. ஆர். அம்பேத்கருடன் கலந்துகொண்டார். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் இவரும் ஒருவர்.

பிறப்பும் குடும்பமும்

சீனிவாசன் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையின் பெயர் இரட்டைமலை. அப்பெயரே இவருடைய பெயரின் முன்னொட்டாக நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் பயிர்நிலங்கள் மட்டுமன்றிக் குடியிருப்பு மனைகளும் பெரும்பாலும் மிராசுதாரர்களின் கட்டுப்பாட்டில் இருந்தன. பறையர் சமூகத்தினரில் பலர் படியாட்களாக உழைத்தனர். கூலியை உயர்த்திக் கேட்டாலோ வேறு வேலை தேடிச் சென்றாலோ குடியிருக்கும் மனையையும் இழக்க நேரிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. இச்சூழலில் சீனிவாசனின் குடும்பம் பிழைப்பு நாடித் தஞ்சாவூருக்கும், பின்னர் கோயம்புத்தூருக்கும் இடம் பெயர்ந்தது.

சீனிவாசன் 1887இல் ரங்கநாயகி என்பவரை மணந்தார். தமிழ்ப் பௌத்த இயக்கத்தின் முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதர் இவருக்கு நெருங்கிய உறவினர். சீனிவாசனின் சகோதரி தனலட்சுமி அயோத்திதாசரின் துணைவியார் ஆவார்.

கல்வி

சீனிவாசன் கோயம்புத்தூரில் கல்லூரி வரை பயின்றார். அவர் படித்த காலத்தில் அங்கு ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர்கள் என்று தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். சாதிக் கட்டுப்பாடுகள் அங்கே மிகக் கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டன.

தம்முடைய சாதியும் குடும்பமும் இருப்பிடமும் உடன் பயில்வோருக்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்தப்படுவோம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. எனவே பள்ளி தொடங்கும் வரை வெளியே எங்காவது இருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர்கள் தம்முடன் சேர்ந்து வராதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். மற்றவர்களுடன் விளையாடுவதையும் தவிர்த்தார். கல்லூரியில் இடம் கிடைத்த பின்பும், அங்கே பிற மாணவர்களைப் போலப் பழகும் உரிமை அவருக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் தம் சமூகத்தின் பெயரையே இதழின் பெயராக வைத்ததற்கு இவ்வனுபவம் ஒரு பின்னணியாகக் கருதப்படுகிறது.

நீலகிரியில் பணி

படிப்பை முடித்த பின்னர் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியில் சேர்ந்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பணியாற்றினார். கிராமங்களில் பரம்பரைத் தொழிலை விட்டு விலக இயலாத நிலையில் இருந்தவர்களுக்கு, படைப்பிரிவுகள், மலைத் தோட்டங்கள், ஐரோப்பியர் நிறுவனங்கள், கடல் கடந்த நாடுகள் ஆகியவை மாற்று வேலைக்கான வழிகளாக இருந்தன. இவற்றுள் எழுத்தர், கணக்கர் போன்ற பணிகளுக்குக் கல்வி தேவைப்பட்டதால், அவை மிகச் சிலருக்கே எட்டின.

நீலகிரியில் இருந்தபோது பிரம்மஞான சபையைத் தோற்றுவித்த கர்னல் ஆல்காட், பிளாவட்ஸ்கி அம்மையார் ஆகியோருடன் சீனிவாசனுக்கு அறிமுகம் ஏற்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் பழைய வரலாற்றையும் வாழ்நிலையையும் ஆராய்வதில் இக்காலத்தில் ஈடுபட்டார். 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

பறையர் மகாஜன சபை

1891இல் சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். கல்வி வசதி, நிலம், அரசுப் பணி ஆகியவற்றுக்கான கோரிக்கைகளை அரசிடம் விண்ணப்பங்களாக அளிப்பதும், மக்களைக் கூட்டங்களில் ஒன்றுதிரட்டுவதும் இச்சபையின் முதன்மைப் பணிகளாக இருந்தன. இச்சபையே பிற்காலத்தில் ஆதிதிராவிட மகாஜன சபை என்னும் பெயரில் தொடர்ந்தது.

சபை தோன்றிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசும் இச்சிக்கலைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. இந்நிலங்களே பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன. பத்து ஆண்டுகள் வரை இவற்றை விற்கக் கூடாது என்றும், அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது.

1893இல் கல்வி தொடர்பான மற்றோர் ஆணை வெளியானது. தனிப் பள்ளிகள் தொடங்குதல், ஆசிரியர் பயிற்சி பெறுவோருக்கு உதவித்தொகை அளித்தல், பள்ளிக் கட்டடத்துக்குப் புறம்போக்கு நிலம் வழங்குதல் போன்றவை அதில் இடம்பெற்றன. ஆயினும் ஆணைகள் பிறப்பிக்கப்பட்ட அளவுக்கு அவை ஊர்களில் நடைமுறைக்கு வரவில்லை. நிலத்தைப் பதிவு செய்யும் கணக்குப்பிள்ளையும் பள்ளியை மேற்பார்வையிடும் அலுவலரும் மேல்சாதியினராகவே இருந்தது இதற்கு ஒரு காரணமாகும். அரசுப் பணிகளில் ஒடுக்கப்பட்டோருக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையின் தேவை இதனாலும் வலுப்பெற்றது.

பறையன் இதழ்

1893 அக்டோபரில் பறையன் என்னும் இதழைச் சீனிவாசன் தொடங்கினார். முதல் இதழ் நான்கு பக்கங்களுடன் இரண்டு அணா விலையில் வெளியானது. தொடக்கத்தில் மாத இதழாக இருந்தது, மூன்று மாதங்களில் வார இதழாக மாறியது. முதல் இதழின் 400 படிகள் இரண்டே நாட்களில் விற்றுத் தீர்ந்ததாக அவர் எழுதியுள்ளார். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகக் குறைவாக இருந்த ஒரு சமூகத்தில் இது குறிப்பிடத்தக்க எண்ணிக்கையாகும்.

இதழுக்கு இப்பெயர் சூட்டப்பட்டதைச் சிலர் விரும்பவில்லை. அப்பெயர் இழிவுச் சொல்லாக வழங்கியதே இதற்குக் காரணம். தன்னைத் தான் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளாத ஒருவர் தமக்குரிய உரிமைகளைக் கேட்டுப் பெற இயலாது என்பது சீனிவாசனின் கருத்தாக இருந்தது. அதே காலத்தில் அயோத்திதாசர் அப்பெயரை ஏற்காமல், பூர்வ பௌத்தர், ஆதித்தமிழர் போன்ற அடையாளங்களை முன்வைத்தார். உறவினர்களான இருவரும் இவ்வகையில் வேறுபட்ட வழிகளில் இயங்கினர்.

கிராமங்களில் நிகழ்ந்த கொடுமைகள், பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட நிகழ்வுகள், அரசு ஆணைகள் பற்றிய விளக்கங்கள் ஆகியவை இதழில் இடம்பெற்றன. இதழில் வெளியான ஒரு கடிதம் தொடர்பாக ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டு அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1900இல் சீனிவாசன் நாட்டை விட்டுச் சென்றதும் இதழ் நின்றுபோனது.

ஆட்சிப் பணித் தேர்வு குறித்த விண்ணப்பம்

இந்திய ஆட்சிப் பணிக்கான போட்டித் தேர்வு அக்காலத்தில் இலண்டனில் மட்டுமே நடத்தப்பட்டது. அதனை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று இந்திய தேசிய காங்கிரசு கோரியது. 1893இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கீழவை இதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

பறையர் மகாஜன சபை இக்கோரிக்கையை எதிர்த்தது. 1893 டிசம்பரில் சென்னை வெசுலியன் மிசன் மண்டபத்தில் கூட்டம் ஒன்றைக் கூட்டியது. பின்னர் 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் ஒன்று நாடாளுமன்ற உறுப்பினர் ஜெனரல் செசுனி வழியாக அனுப்பப்பட்டது. உயர்கல்வி ஏறத்தாழ ஒரே பிரிவினரின் கையில் இருக்கும்போது தேர்வை மட்டும் இங்கு நடத்தினால், பதவிகள் முழுவதும் அப்பிரிவினருக்கே சென்று சேரும் என்றும், அதனால் ஒடுக்குமுறை மேலும் கூடும் என்றும் சபை வாதிட்டது.

இந்நிலைப்பாடு ஆங்கிலேயர் ஆட்சிக்குச் சாதகமானது என்று தேசியவாதிகள் குறை கூறினர். தேர்வு ஒன்றாக இருப்பதால் மட்டும் வாய்ப்புச் சமமாகிவிடாது, அத்தேர்வை எழுதும் கல்வியும் அனைவருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்ற கருத்து இவ்விண்ணப்பத்தில் அடங்கியிருந்தது. பிற்கால இட ஒதுக்கீட்டு விவாதங்களில் இதே கருத்து மீண்டும் மீண்டும் எழுந்ததால், இவ்விண்ணப்பம் வரலாற்று முக்கியத்துவம் பெறுகிறது. இந்தியாவில் இத்தேர்வு 1922இல்தான் முதன்முதலாக நடத்தப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில்

1900இல் இலண்டன் செல்லும் நோக்கத்துடன் சீனிவாசன் கப்பலேறினார். ஆனால் பயணம் கிழக்கு ஆப்பிரிக்காவில் தடைப்பட்டது. அங்குச் சில காலம் பணியாற்றிய பின்னர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் மிகுதி. பல சாதியினரும் அடங்கிய இம்மக்கள் அனைவரையும் வெள்ளையர் அரசு நிறத்தின் அடிப்படையில் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கியது.

ஒப்பந்தம் முடிந்த பின்னும் அங்கேயே தங்க விரும்புவோர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி செலுத்த வேண்டும் என்று 1895இல் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு கூலித் தொழிலாளியின் பல மாத ஊதியத்துக்கு ஈடான இத்தொகை, அவர்களை மீண்டும் ஒப்பந்தத்தில் தள்ளுவதற்கோ நாடு திருப்புவதற்கோ பயன்பட்டது. 1896இல் இந்தியர்களின் வாக்குரிமை தடுக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் வணிக உரிமம் வழங்கும் அதிகாரியிடம் பெரும் அதிகாரத்தை ஒப்படைத்ததால், இந்திய வணிகர் பலருக்கு உரிமம் மறுக்கப்பட்டது. இந்தியப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டு, அவர்களுக்கெனத் தனிப் பள்ளி அமைக்கப்பட்டது. மூன்று பவுண்டு வரி 1914இல்தான் நீக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் மோகன்தாசு காந்தியுடன் சீனிவாசனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. காந்தி தமிழில் கையெழுத்திடக் கற்றுக்கொண்டது சீனிவாசனிடம்தான் என்று கூறப்படுகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளை அயல்நாடுகளில் கழித்த பின்னர், 1920களின் தொடக்கத்தில் சீனிவாசன் தாயகம் திரும்பினார்.

சட்டமன்றப் பணிகள்

1919ஆம் ஆண்டின் சீர்திருத்தங்களின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நியமன உறுப்பினர் இடங்கள் அளிக்கப்பட்டன. வாக்குரிமை சொத்து, வரி ஆகியவற்றைச் சார்ந்திருந்ததால், நிலமற்ற மக்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்தலில் வென்றெடுக்க இயலாத நிலை இருந்தது. எம். சி. ராஜா முதல் சட்டமன்றத்திலேயே உறுப்பினராக இருந்தார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஆவணங்களில் வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் 1922இல் கொண்டு வந்தார். சீனிவாசன் 1923இல் உறுப்பினராக நியமிக்கப்பட்டுத் தொடர்ந்து பல ஆண்டுகள் பணியாற்றினார்.

பொது வழித் தீர்மானம்

1924 ஆகஸ்டில் சீனிவாசன் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். நகரிலோ கிராமத்திலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்குத் தடையில்லை என்பது அதன் முதற்பகுதி. பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம், பொது அலுவல் நடைபெறும் கட்டடம் ஆகியவற்றைச் சாதி இந்துக்களைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் அணுகலாம் என்பது இரண்டாம் பகுதி. இத்தீர்மானம் நிறைவேறியது. அதன் அடிப்படையிலான ஆணை 1925இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. தீர்மானம் நிறைவேறிய அதே ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கான போராட்டம் நடைபெற்றது.

இத்தீர்மானத்தின் பயன் தெருவில் நடப்பதுடன் நிற்கவில்லை. பல ஊர்களில் பள்ளிகள் அக்கிரகாரத்திலோ கோயிலை ஒட்டியோ ஊர்ச் சாவடியிலோ நடந்தன. அத்தெருக்களுக்குள் நுழையக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், பள்ளி அனைவருக்கும் பொது என்று விதி கூறினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் அங்குச் செல்ல இயலாது. அஞ்சலகம், பதிவு அலுவலகம், நீதிமன்றம், சந்தை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். நிலப் பட்டாவுக்கு மனு அளிப்பதற்கும், விளைபொருளை விற்பதற்கும், வேலை தேடுவதற்கும் வழி திறந்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை மாகாணம் முழுமைக்கும் இவ்வாணை பொருந்தியது. அன்று சேலம் மாவட்டத்தில் மைசூர் எல்லையை ஒட்டியிருந்த தேன்கனிக்கோட்டைப் பகுதி முதல் தென்கோடியில் திருநெல்வேலி வரையிலான ஊர்கள் இதன் கீழ் வந்தன. ஆனால் தடுப்பவர்களைத் தண்டிக்கும் விதி இதில் இல்லை. சட்டமன்ற உறுப்பினர் ஆர். வீரையனின் முயற்சியால், உள்ளாட்சி அமைப்புகள் தொடர்பான சட்டங்களில் 1926இல் திருத்தம் செய்யப்பட்டு, பொது வழிகளைப் பயன்படுத்துவதைத் தடுப்போருக்கு அபராதம் விதிக்க வழி ஏற்பட்டது.

வட்டமேசை மாநாடுகள்

இந்தியாவின் அரசியலமைப்பைப் பற்றி ஆராய இலண்டனில் கூட்டப்பட்ட வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் சீனிவாசனும் அழைக்கப்பட்டனர். முதல் மாநாடு 1930 நவம்பர் 12 அன்று தொடங்கியது. அப்போது சீனிவாசனுக்கு வயது 71. தீண்டத்தகாதவர் என்பதால் தம்மைத் தொடலாகாது என்று கூறி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடன் கைகுலுக்கத் தயங்கியதாகவும், அதன் வழியே தீண்டாமைக் கொடுமையை மன்னருக்கு உணர்த்தியதாகவும் ஒரு செய்தி தமிழ்நாட்டில் பரவலாக வழங்குகிறது.

இருவரும் இணைந்து ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான அரசியல் பாதுகாப்புகள் பற்றிய அறிக்கை ஒன்றை மாநாட்டில் அளித்தனர். சமக் குடியுரிமை, பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு, சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் போதிய பிரதிநிதித்துவம், நலப் பணிகளுக்கெனத் தனித் துறை, அமைச்சரவையில் இடம் முதலியவை அதில் கோரப்பட்டன.

இவ்வறிக்கையில் சமூகப் புறக்கணிப்பு பற்றிய பகுதி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. உரிமையைப் பயன்படுத்த முனைவோருக்கு வேலை தர மறுத்தல், நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேற்றுதல், கடைகளில் பொருள் விற்க மறுத்தல் ஆகியவை ஊர்களில் அடக்குமுறைக் கருவிகளாக இருந்தன. பொதுக் கிணற்றில் நீர் எடுத்தவர் மறுநாள் கூலி வேலையை இழப்பார் என்றால், சட்டம் தரும் உரிமையால் பயனில்லை. ஆகவே இத்தகைய புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று அறிக்கை கோரியது. பர்மாவில் 1922இல் இயற்றப்பட்ட புறக்கணிப்புத் தடைச் சட்டம் இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது.

வாக்குரிமை பற்றிய துணைக் குழுவில், வயது வந்த அனைவருக்கும் உடனடியாக வாக்குரிமை வழங்க வேண்டும் என்று வலியுறுத்திய சிலருள் அம்பேத்கர், என். எம். ஜோஷி, கே. டி. பால் ஆகியோருடன் சீனிவாசனும் இருந்தார். 1931இல் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார்.

பூனா ஒப்பந்தம்

1932 ஆகஸ்டில் பிரித்தானிய அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனித் தொகுதிகளை வழங்கியது. இதனை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி தனித் தொகுதிகளுக்கு மாற்றாகப் பொதுத் தொகுதிகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இவற்றுள் சென்னை மாகாணத்துக்குரியவை 30.

இவ்வொப்பந்தத்தின் இறுதிப் பிரிவுகள் அதிகம் பேசப்படுவதில்லை. உள்ளாட்சித் தேர்தல்களிலும் அரசுப் பணி நியமனங்களிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதற்காக ஒருவருக்குத் தடை விதிக்கக் கூடாது என்று ஒரு பிரிவு கூறியது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கான நிதியிலிருந்து இம்மக்களின் கல்விக்குப் போதிய தொகையை ஒதுக்க வேண்டும் என்று மற்றொரு பிரிவு கூறியது. சீனிவாசன் 1890களிலிருந்து கோரி வந்த கல்வியும் அரசுப் பணியும் இவ்வாறு ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.

மதமாற்றம் குறித்த நிலைப்பாடு

இந்து சமயத்திலிருந்து வெளியேறப் போவதாக அம்பேத்கர் 1935இல் இயோலாவில் அறிவித்தபோது, சீனிவாசன் அதற்கு உடன்படவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் வருணப் பிரிவுகளுக்கு அப்பாற்பட்டவர்கள், எனவே தாம் இல்லாத ஒன்றிலிருந்து வெளியேற வேண்டிய தேவை இல்லை என்பது அவர் கருத்து. அரசியல் உரிமைகளைப் பொறுத்தவரை இருவரும் பெரும்பாலும் ஒத்த கருத்துடையவர்களாகவே இருந்தனர்.

பட்டங்கள்

ராவ் சாகிப் (1926), ராவ் பகதூர் (1930), திவான் பகதூர் (1936) ஆகிய பட்டங்களை அரசு இவருக்கு வழங்கியது. 1940இல் திராவிடமணி என்னும் பட்டம் பொதுமக்கள் சார்பில் அளிக்கப்பட்டது.

தன்வரலாறு

சீனிவாசன் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி, ஜீவிய சரித்திர சுருக்கம் என்னும் பெயரில் 1939இல் வெளியிட்டார். அளவில் சிறிய இந்நூல், தமிழில் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதி வெளியிட்ட தொடக்ககாலத் தன்வரலாறுகளுள் ஒன்று. கோயம்புத்தூர்க் கல்வி, இதழ் தொடங்கிய விதம், விண்ணப்பங்கள், வட்டமேசை மாநாடு ஆகியவை பற்றிய பல செய்திகள் இந்நூலின் வழியாகவே கிடைக்கின்றன.

மறைவும் நினைவும்

சீனிவாசன் செப்டம்பர் 18, 1945 அன்று தம் 86ஆம் வயதில் காலமானார். நாடு விடுதலை பெற்றதையும், தீண்டாமையை ஒழித்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு 1950இல் நடைமுறைக்கு வந்ததையும் அவர் காணவில்லை. கடைகள், பொது உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, இனம் முதலியவற்றின் அடிப்படையில் தடை கூடாது என்று கூறும் 15ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு, 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பொருளுடன் பெரிதும் ஒத்துள்ளது.

இந்திய அஞ்சல் துறை 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னை கிண்டியில் உள்ள காந்தி மண்டப வளாகத்தில் இவருக்கு நினைவு மண்டபம் அமைக்கப்பட்டுள்ளது. இவரது பிறந்த நாளான ஜூலை 7 தமிழ்நாடு அரசால் கொண்டாடப்படுகிறது.